முழங்கையால் மிதிக்கும் துப்பாக்கி

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று என்னை யார் தூக்குவது என்று வீட்டில் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. நான் அங்கேதான் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் அக்டோபர் 24. மண்டபத்தில் மணமேடைக்கு நான்கு படிகள். தாய்மாமன் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு நிறையும் என்பது அம்மாவின் கட்சி. அம்மாவின் தம்பி சென்னியப்பன் மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தாறு. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் கீழே விழுந்த பேனாவையே எடுப்பார்.

என் கால்கள் பிறந்த நாளிலிருந்து விடுப்பில் இருக்கின்றன. இந்த முப்பத்து மூன்று வருடத்தில் பஸ் படி, கோயில் படி, தியேட்டர் படி என்று என்னைத் தூக்காத சொந்தக்காரரை எண்ணிவிடலாம். எல்லாரும் அன்பாகத்தான் தூக்கினார்கள். எனக்குப் போதும்.

"நான் என் வண்டியிலயே மேடைக்குப் போறேன்" என்றேன்.

அம்மா என் சக்கர நாற்காலியைப் பார்த்தாள். ஆறு வருடம் உழைத்த வண்டி. கறுப்புப் பெயின்ட் பாதி உரிந்து, மீதி உரியலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

"இதையா மணவறையில ஏத்தறது? போட்டோவுல ஆஸ்பத்திரியாட்ட விழும்."

"லட்சணமா ஆக்கிட்டா?"

"ஆக்கிக் காட்டு. அப்பறம் பாக்கலாம்."

மாமா சாட்சி. ஆக, பந்தயம் இதுதான். வண்டி கல்யாணக் களைக்கு வந்தால் நானே ஓட்டிக்கொண்டு போவேன். வராவிட்டால் மாமா கையில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடையில் விற்கும் ஸ்ப்ரே பெயின்ட் இரண்டு மாதம் தாங்காது. கை உரசும் இடமெல்லாம் போய்விடும். பவுடர் கோட்டிங்தான் சரி. நான் பம்பு கம்பெனியில் படம் வரைகிறவள். எங்கள் பம்பெல்லாம் அப்படித்தான் நிறம் பெறுகிறது. பொடிக்கு மின்சாரம் ஏற்றி இரும்பின் மேல் தூவினால் பொடி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூளையில் வைத்தால் உருகி வழவழவென்று இறுகிவிடும்.

எங்களுக்குச் செய்து தரும் பட்டறையில் கேட்டேன். ஒற்றை வண்டிக்காக நிறம் மாற்றினால் மிஷினை முழுக்கக் கழுவ வேண்டுமாம். கறுப்பு என்றால் செய்வார்களாம், பத்து நாள் ஆகுமாம்.

கறுப்பில் கல்யாணம் செய்துகொள்ள நான் தயாராக இல்லை. அந்தப் பத்து நாளும், இதற்கு முன் ஓட்டிய பழைய வண்டியில் ஆபீஸ் போகவும் முடியாது. அது எங்கள் ஆபீஸ் கழிப்பறைக் கதவில் நுழையாது.

வீட்டிலேயே வைத்துப் பொடி தூவும் சின்னத் துப்பாக்கிகள் விற்கிறார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மூன்று நாளாகத் துப்பாக்கி பார்க்கிறேன். புடவை எடுக்க ஒரு மணி நேரம்தான் ஆனது.

முதலாவது மலிவு. வோல்ட்டேஜைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. என் வண்டிச் சட்டத்தில் குழாய்கள் சேரும் மூலைகள் பதினொன்று. முழு வோல்ட்டேஜில் அடித்தால் பொடி மூலைக்குள் போகாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். வேண்டாம்.

இரண்டாவது, மூடிய கம்பெனியிலிருந்து வந்த பெரிய துப்பாக்கி. கையிலேயே விசை. ஆனால் அதற்குக் காற்றுக் கொடுக்க லாரி ஷெட்டில் இருப்பது போன்ற கம்ப்ரசர் வேண்டும். மாமா கடையில் மோட்டார் தூசி ஊதும் கம்ப்ரசர்தான் நமக்கு வாய்த்தது.

மூன்றாவது வோல்ட்டேஜை இரண்டு நிலையில் மாற்றலாம். மூலைக்குக் குறைவு, சமதளத்துக்கு அதிகம். குறைந்த காற்றே போதும். பொடி நிரப்பும் கிண்ணத்தை மாற்றுவதும் சுலபம். மனசு இதில்தான் நிற்கிறது. பெங்களூர்க் கடை. நாளை பேச வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

பேசினேன். கடைக்காரர் நல்ல தமிழ் பேசினார். எல்லாம் விளக்கிவிட்டு, "ரொம்ப ஈசிங்க மேடம். கையில துப்பாக்கிய பிடிச்சுக்கிட்டு, கீழ பெடல் இருக்கும், அதைக் கால்ல லேசா மிதிச்சா கரண்ட் வந்துரும்" என்றார்.

"எனக்குக் கால் லேசாகவும் மிதிக்காதுங்க, அழுத்தமாகவும் மிதிக்காதுங்க."

போனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப வீட்ல யாரையாவது மிதிக்கச் சொல்லுங்களேன் மேடம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அரை மணி நேரம் மூன்று துப்பாக்கிகளின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டு உபயோகத் துப்பாக்கி என்கிறார்கள். எந்த வீட்டுக்கு என்று போடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு பெங்களூர் அழைப்பு. அதே மனிதர். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இப்பத்தான் பெடலைக் கழட்டிப் பாத்தேன். உள்ள வெறும் சுவிட்சுதான். ஒயரை எடுத்து ஒரு காலிங்பெல் பட்டனைப் போட்டுப் பாத்தேன், நல்லா வேலை செய்யுது. எங்க வேணா வெச்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கடையைத் திறந்து இதைச் செய்திருக்கிறார். அவர் பெயரைக்கூட நேற்று கேட்கவில்லை. இன்று கேட்டேன், ஜெயசீலன்.

ஆர்டர் போட்டாயிற்று. பொடி நிறம் மாம்பழ மஞ்சள்.

சாயங்காலம் பூபதி போன் செய்தார். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். உடுமலைப்பேட்டை பக்கம் தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று, "வண்டிய நீங்களே ஓட்டுவீங்களா, தள்ளோணுங்களா?" என்று கேட்டார். நானே ஓட்டுவேன் என்றேன். "சரிங்க" என்று எழுந்து, வழியில் கிடந்த டீப்பாயை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் பெண் பார்த்தல்.

இன்று மஞ்சள் என்றதும், "மஞ்சள்ல செம்மண்ணு தெரியுமேங்க" என்றார். துடைத்துக்கொள்வேன் என்றேன். பிறகு, "டயர் எத்தன இஞ்சி அகலமுங்க?" கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது ஒரு மனிதர் கேட்கும் கேள்வியா இது?

செப்டம்பர் 21, ஞாயிறு

சூளை தயார். மாமா கடையின் பழைய இரும்பு பீரோ. பூட்டு போய், எலிக்குக் குடியிருப்பாக இருந்தது. எலிகளைக் காலி செய்து, பெயின்ட்டைச் சுரண்டி, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, பழைய பேக்கரி அடுப்புச் சுருள்களைப் பொருத்தி, வெப்பம் காட்டும் மீட்டர் வைத்து மாமா நம் கார் ஷெட்டில் நிறுத்திவிட்டார். சட்டம் உள்ளே நிற்குமா என்று நான் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்தேன். ஒரு விரல் இடைவெளியில் நிற்கும்.

அம்மா பீரோவைச் சுற்றி வந்து, "சீதனமா வந்த பீரோ இல்லையே?" என்று மட்டும் கேட்டாள்.

பூபதி மறுபடியும் போன். வண்டி முழுசாகத் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார். எரிச்சலில் அளவு போட்ட வரைபடமாகவே அனுப்பினேன். "ரொம்ப சந்தோசமுங்க" என்று பதில்.

செப்டம்பர் 25, வியாழன்

துப்பாக்கி வந்தது. முடி உலர்த்தும் மிஷினுக்கு அண்ணன் போல இருக்கிறது. மாமா பெடலைக் கழற்றிவிட்டுக் காலிங்பெல் பட்டனைப் பழைய வண்டியின் இடது கைப்பிடியில் பொருத்தினார். முழங்கையால் அழுத்தினால் கரண்ட். எடுத்தால் நின்றுவிடும்.

ஒத்திகைக்கு கேட் தாழ்ப்பாள். முகமூடி, கையுறை எல்லாம் போட்டு, பொடியை இரும்பு இழுப்பதற்காகத் தாழ்ப்பாளில் எர்த் கிளிப்பைக் கவ்வவிட்டு, முழங்கையால் மிதித்தேன். பொடி மேகம் போல் கிளம்பியது, தாழ்ப்பாள் பக்கம் திரும்பியது, அதன் முதுகுப் பக்கம்கூடச் சுற்றிப் போய் ஒட்டிக்கொண்டது. என் கண்ணால் பார்த்தேன். இருநூறு டிகிரியில் இருபது நிமிடம். சாவித் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், மாவு மாதிரி இருந்த பொடி மெல்ல நெய் போல் பளபளக்கிறது. மாமாவும் நானும் மாற்றி மாற்றி எட்டிப் பார்த்தோம்.

எங்கள் வீட்டுக் கேட்டுக்கு இப்போது கோயம்புத்தூரிலேயே அழகான தாழ்ப்பாள். அம்மா மூன்று முறை காரணமில்லாமல் வெளியே போய் வந்தாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சந்தோஷத்தில் மண். அத்தை போனில் சொன்னார்: மாமா தினமும் காலையில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிப் படி ஏறி இறங்குகிறாராம். முதலில் பத்து கிலோ, இப்போது இருபத்தைந்து. "ஒரே மருமவப் புள்ள, தூக்கறப்ப தடுமாறக்கூடாதுன்னு கெடந்து சாகறாரு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்பா இல்லை. மேடையில் மாமாவுக்கென்று இருக்கும் பெரிய பெருமை அது. அதைப் பிடுங்குவதற்கான சூளையை அவரே கட்டிக் கொடுத்திருக்கிறார்.

விட்டுக்கொடுத்துவிடலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். நான்கு படிதான். ஒரு நிமிடம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம் நான் மூட்டையாக இருப்பேன். என்னால் முடியாது. மாமாவிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அம்மா துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தாள். கம்ப்ரசர், பீரோ, மிக்சி, தையல் மிஷின், என் பழைய வண்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். தாழ்ப்பாளுக்கும்.

மேடை ஏறப்போகும் வண்டியின் சட்டத்தை நேற்றே உரித்து, தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். "அதை மட்டும் தொடாதே அம்மா. விரல் பட்டாலே பவுடர் பிடிக்காது." அம்மா தலையாட்டினாள்.

அக்டோபர் 2, வியாழன்

தோற்றேன்.

காலையில் மாமா பையிலிருந்து கம்பி எடுத்து, சட்டத்தைக் கட்டித் தொங்கவிட்டார். எர்த் கிளிப்பை அந்தக் கம்பியிலேயே மாட்டினோம். ஆரம்பத்திலிருந்தே பொடி சரியாகப் போகவில்லை. தாழ்ப்பாளுக்கு ஓடிப்போய் ஒட்டியது, சட்டத்துக்கு வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தது. சரியாகிவிடும் என்று அடுப்பில் வைத்தேன். வெளியே எடுத்தால், முதல் தோசை. ஓரிடம் தடிப்பு, ஓரிடம் இரும்பு தெரிகிறது. சீட்டுக்கு அடியில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகப் பொக்கு விட்டிருந்தது. நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே சந்தன வாசம்.

"அம்மா" என்றேன். ஷெட் வாசலில் நின்றிருந்தாள்.

"எல்லாத்துக்கும் வெச்சேன். உன்ற வண்டிக்கு மட்டும் வெக்காம உட மனசு வரல. கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்துத்தான் வெச்சேன்."

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். மேடையில் என் வண்டி ஏறக் கூடாது என்று உனக்கு ஆசை என்றுகூடச் சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டாள். மாமா கம்பியைச் சுருட்டிக்கொண்டே நின்றார். பவுடரை உரிக்கும் மருந்து வரவழைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். பூஜைக்குப் போட்ட லீவு சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குமேல் எனக்கு லீவு கிடையாது.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். எட்டு மணிக்குச் சாப்பிட்டேன். கேசரி.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைய தேதியைச் சிவப்பில் எழுத வேண்டும், பேனா இல்லை.

காலையில் மாமா டெஸ்டரோடு வந்தார். "அம்மிணி, பொட்டு வெச்சது ஒரு எடம். மத்த எடமெல்லாம் ஏன் புடிக்கல?" நியாயமான கேள்வி. கோபத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி. சட்டத்தை மறுபடி தொங்கவிட்டு, டெஸ்டரின் ஒரு முனையைக் கிளிப்பில் வைத்தார். இன்னொரு முனை இரும்பில் படவேண்டும். பொட்டு உதிர்ந்த இடத்தில் வைத்தார். கரண்ட் போக வழி இருந்தால் டெஸ்டர் கூவ வேண்டும். கூவவில்லை.

கிளிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருப்பது கம்பி மட்டும்தான். நான் கம்பியைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். பளபளவென்று செம்பு நிறம். மோட்டார் கட்டும் வைண்டிங் கம்பி. முழுக்க எனாமல் பூசியது. சுரண்டாமல் கட்டினால் ஒரு சொட்டுக் கரண்ட் போகாது.

மாமா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசம். எத்தன ஆயிரம் மோட்டாரு. கம்பி முனைய சொரண்டாம சேத்துனதுக்கு எத்தன பசங்கள வஞ்சிருப்பேன்."

"நானும்தான் பார்த்தேன் மாமா. பம்பு கம்பெனியில பத்து வருஷம்" என்றேன். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். எனக்கு விக்கல் வரும்வரை நிற்கவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

உரிக்க வேண்டியதில்லை. இருப்பதை லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே இரண்டாவது பூச்சு அடிக்கலாம். ஆனால் எர்த் கிளிப் வெறும் இரும்பைக் கவ்வ வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அரத்தால் எங்கே வேண்டுமானாலும் சுரண்டியிருக்கலாம். அம்மா ஏற்கனவே இடம் பார்த்து வைத்திருந்தாள். கிளிப் அங்கே கச்சிதமாகக் கவ்வியது.

முழங்கையால் மிதித்தேன். பொடி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. மூலைகளுக்கு வோல்ட்டேஜைக் குறைத்தேன். பதினொன்றும் நிறைந்தன.

இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தோம். சேலம் மாம்பழம். கிளிப் கவ்விய இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் வட்டத்துக்கு இரும்பு தெரிகிறது. அது சீட்டுக்கு அடியில்.

நேற்றுச் சொன்னதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எப்ப சொன்ன?" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

எல்லாம் பூட்டியாயிற்று. கூடத்தில் ஒரு சுற்று வந்தேன். தீர்ப்புக்காக அம்மா முன்னால் நிறுத்தினேன்.

"வண்டி சரி. டயர் ரெண்டையும் தொடச்சு வெய்யி" என்றாள்.

ஜெயசீலனுக்குப் படம் அனுப்பினேன். கடையில் மாட்டப்போவதாகச் சொன்னார். இனி அந்தத் துப்பாக்கியைப் பட்டனோடும் விற்பாராம்.

மாமாவிடம் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பூபதி ஒரு படம் அனுப்பினார். பண்ணையில் தென்னை நாற்று வரிசைகளுக்கு நடுவே கல் பாவிய பாதை. எல்லா வரிசைக்கும். ஒவ்வொரு முனையிலும் வட்டமாக ஓரிடம். நான் அனுப்பிய வரைபடத்தின் அளவு. கீழே எழுதியிருந்தார்: "பாதை மூணு மாசமா நடக்குதுங்க. வட்டம் உங்க படம் வந்தப்பறம் போட்டதுங்க. செம்மண்ணு ஒட்டாது. வந்து ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க."

கண்ணில் பவுடர் விழுந்துவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

துப்பாக்கியை நான்காம் தேதியே கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வண்டிக்குத்தான் முதலில் எண்ணெய் வைத்தார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

மண்டபத்துக்கு வந்துவிட்டோம். முதலில் மேடையைப் பார்க்கப் போனேன். நான்கு படிகளுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு சாய்வுப் பலகை. சரிவு சரியாக இருந்தது. ஓரத்தில் சக்கரம் நழுவாமல் கட்டை. மேலே தேங்காய் நார் விரிப்பு. வாடகைச் சாமான் இல்லை, அளவெடுத்து அடித்தது.

மேனேஜரைக் கேட்டேன். "உங்க மாமாதானுங்க. போன மாசம் எட்டாந் தேதி வந்து அளவெடுத்துட்டுப் போனாருங்க."

செப்டம்பர் எட்டு. பந்தயம் கட்டியதற்கு மறுநாள். துப்பாக்கி என்ற பேச்சே வீட்டில் எழாதபோது.

மாமா பந்தி இடத்தில் வாழையிலை எண்ணிக்கொண்டிருந்தார். "அப்ப எதுக்கு மாமா அரிசி மூட்டை?"

இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பவுடரு புடிக்காமப் போயி, அக்கா பிடிவாதம் புடிச்சா நாந்தான தூக்கோணும்? கீழ போட்டுட்டா என்ன பண்றது? ரெண்டுக்கும் தயாரா இருந்துக்கிட்டேன்."

"உங்களுக்கு ஆசை இல்லையா?"

"ஆசையெல்லாம் நீ பொறந்தப்பவே தீந்துது, அம்மிணி. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தது ஆருன்னு நெனச்ச?"

ஒரு மாதம் வீணாக உருகியிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 25, சனி, உடுமலைப்பேட்டை

நேற்று எழுத நேரமில்லை. நேற்று எனக்குக் கல்யாணம்.

பலகையில் நானே ஏறினேன். கைகளில் மருதாணி, சக்கரத்தில் பிடி நழுவுமோ என்று பயந்தேன். நழுவவில்லை. மேலே பூபதி எழுந்து நின்று, அவருக்குப் பக்கத்தில் இருந்த குத்துவிளக்கைத் தள்ளி வைத்தார். எங்கே போனாலும் எதையாவது நகர்த்துகிறார்.

போட்டோகிராபர் முன்னால் வந்து, "அம்மா, பொண்ண சோபாவுல உக்கார வெச்சுட்டு, வண்டிய கொஞ்சம் ஓரமா வெச்சரலாங்களா? போட்டோ நல்லா வரும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வண்டி விழுகாத போட்டோ ஒண்ணுகூட எனக்கு வேண்டாம். அத ஆரு செஞ்சதுன்னு தெரியுமா?"

அந்த மனிதர் அதன் பிறகு சக்கரத்தை மட்டும் தனியாக நாற்பது படம் எடுத்தார்.

தாய்மாமன் முறைப்படி மாமா வந்து என் நெற்றியில் பட்டம் கட்டினார். சந்தனக் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டார். என்ன தேடுகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பொடி பிடிக்காத அந்த வட்டத்தில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். எழுந்திருக்க அம்மா கை கொடுத்தாள்.

"அங்க எடம் காலியாக் கெடந்துச்சு" என்றார்.

இன்று காலை பண்ணையில் ஆறு வரிசை ஓட்டிப் பார்த்தேன். எல்லா முனையிலும் திரும்ப முடிகிறது. சக்கரத்தில் செம்மண் ஒட்டவில்லை. பிறகு குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். விரலில் குங்குமம் வந்தது. அதை நெற்றியில் வைத்துக்கொண்டு ஏழாவது வரிசைக்குத் திரும்பினேன்.